நான்காவது தபசில்

எல்லைக்கல் – பகுதி 11

சிவகாசியில் எங்கள் தாத்தா வாங்கிய வீடு கிழமேல் 22 அடி, தென்வடல் 79 அடி. பெருக்கினால் 1,738 சதுர அடி. நாலு செண்டுக்குக் கொஞ்சம் குறைவு. தெருவாசல் வடக்கே. திண்ணை, பட்டாசல், நடுவறை, அடுப்படி என்று வீடு நீளவாக்கில் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் கிணறு உள்ள புறவாசல். மேற்கு ஓரமாக, தெருவிலிருந்து கிணற்றடி வரைக்கும் மூன்றடி முடுக்கு. இந்த அளவுகளை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரக் கதை முழுக்க அந்தச் சதுர அடிகளுக்குள்தான் நடக்கிறது.

அந்த வீட்டின் தாய்ப்பத்திரத்தில் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்று இருக்கும். தாத்தா வாங்கிய பத்திரத்தில் ‘இராமநாதபுரம் ஜில்லா’. 1910இல் மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருந்து பகுதிகளை எடுத்துச் சேர்த்து உருவாக்கிய ஜில்லா அது. 1985 மார்ச் 15இல் அதையும் மூன்றாகப் பிரித்து எங்கள் பக்கத்துக்குக் காமராஜர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு அது விருதுநகர் மாவட்டமானது. 2021இல் சிவகாசி, திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியாகிவிட்டது. ஜில்லாவையே காகிதத்தில் இத்தனை தடவை பிரித்தும் சேர்த்தும் எழுதியாயிற்று. எங்கள் நாலு செண்டு மட்டும் தாத்தா பெயரிலேயே கிடந்தது.

ஆனால் வீட்டுக்குள் கேட்டால், ‘அதெல்லாம் எப்பவோ பிரிச்சாச்சு’ என்பார்கள். 1971இல் தாத்தா போனார், 1983இல் பாட்டி. மறுவருடம் உறவின்முறைப் பெரியவர் இருவரை உட்கார வைத்து, ஒரு முழுத்தாளில் கூர்ச்சீட்டு எழுதினார்கள். தெருப்பக்கம் பெரியப்பாவுக்கு, நடுவில் அப்பாவுக்கு, அடுப்படிப் பக்கம் சித்தப்பாவுக்கு. முடுக்கும் புறவாசலும் கிணறும் பொது. மூன்று ஆண்களின் கையெழுத்தும் சாட்சிகள் கையெழுத்தும் இருந்தன. அந்தத் தாளில் அத்தையின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. தனித்தனிக் கதவு வைத்தார்கள், தனி மீட்டர் வாங்கினார்கள், நகராட்சியில் வீட்டுத் தீர்வையையும் மூன்றாகப் போட்டுக்கொண்டார்கள். மூன்று தீர்வை ரசீது கையில் இருந்தால் மூன்று வீடு என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் நம்புகிறவர்கள் ஏராளம். தீர்வை ரசீது வரி கட்டியதற்கு ஆதாரம், அவ்வளவுதான். அது யாரையும் மண்ணுக்கு உரிமையாளர் ஆக்காது.

அப்பா இறந்தபின், நடுப்பகுதியை இடித்துக் கட்ட வீட்டுக்கடன் கேட்டுப் போனேன். வங்கிக்குச் சட்டக் கருத்து எழுதும் வழக்கறிஞர் வாரிசுச் சான்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தாத்தாவுக்கு நாலு பிள்ளைகன்னு இருக்கே, நாலாவது ஆள் எங்க?”

அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக ஒரு பதில் தயாராக இருந்தது. “சீர் செஞ்சு அனுப்பியாச்சுல்ல, அப்புறம் என்ன பங்கு?”

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீடு தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்தார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்து பாட்டிக்கும் நாலு பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கியது. ஆளுக்கு ஐந்தில் ஒன்று. பாட்டியும் உயில் எழுதவில்லை; அவர் பங்கு நாலு பிள்ளைகளுக்கும் சமம். ஆக, 1983இலிருந்து அத்தைக்கு அந்த வீட்டில் நாலில் ஒன்று. இதற்கு யாரும் புதுச் சட்டம் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்பதுதான் பின்னால் வந்தது. தமிழ்நாட்டில் அது 1989 மார்ச் 25 முதல், அதுவும் அன்றைக்குத் திருமணமாகாதிருந்த பெண்களுக்கு மட்டும். 2005 செப்டம்பர் 9இல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையையும் எடுத்தது. அது வேறு வழி. எங்கள் அத்தைக்கு அந்த வழியே தேவைப்படவில்லை.

பிறகு ஏன் வாய் திறக்க முடியவில்லை? அதே 1956 சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. சொத்து குடும்பத்தார் குடியிருக்கும் வீடாக இருந்தால், ஆண் வாரிசுகள் தங்கள் பங்கைப் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. மகள் கல்யாணமாகாதவளாக, கைவிடப்பட்டவளாக, கணவனைப் பிரிந்தவளாக அல்லது விதவையாக இருந்தால் அங்கே குடியிருக்கலாம். வாழ்கிறவளுக்கு அதுவும் இல்லை. ஒரு கையால் பங்கைக் கொடுத்து, மறுகையால் கதவைச் சாத்திய பிரிவு அது. வயலிலும் கடையிலும் பாகம் கேட்கலாம், பிறந்த வீட்டில் மட்டும் அண்ணன் தம்பி மனது வைக்க வேண்டும். 49 ஆண்டுகள் அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. 2005 திருத்தம்தான் அதை நீக்கியது.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒரு விஷயம் உண்டு. ஆண்கள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரைதான் அந்தத் தடை. 1984இல் அண்ணன் தம்பிமார் மூவரும் கூர்ச்சீட்டு எழுதிய அன்றே அத்தைக்கான கதவு திறந்துவிட்டது. அதை அவரிடம் சொல்ல ஓர் ஆள் இல்லை.

கூர்ச்சீட்டை நம்பியிருக்கும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் அதிகம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாகப்பிரிவினையைச் சட்டம் மதிக்க வேண்டுமானால் அது பதிவான பத்திரமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாணையாகவோ இருக்க வேண்டும் என்கிறது 2005 திருத்தம். 2004 டிசம்பர் 20க்கு முன்னால் அப்படி நடந்த பிரிவினைகளுக்குத்தான் பாதுகாப்பு. 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், ‘வாயால் பிரித்துக்கொண்டோம்’ என்ற வாதத்தைச் சாதாரணமாக ஏற்கக் கூடாது, அரசு ஆவணங்களின் வலுவான ஆதாரம் இருந்தால் மட்டும் விதிவிலக்காகப் பார்க்கலாம் என்றது. அந்தச் சட்டமும் தீர்ப்பும் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. எங்கள் வீட்டுக் கூர்ச்சீட்டுக்கோ அந்தளவு ஆயுசுகூட இல்லை. பங்குதாரர் நாலு பேர், கையெழுத்து மூன்று.

அத்தையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வருவது என்று முடிவானது. நானும் பெரியப்பாவும் போனோம். அத்தைக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் புறவாசலில் கிணற்றடிச் சாய்ப்பில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர். பிறகு வாக்கப்பட்ட ஊரில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள், எழுதவும் வேண்டும். அந்தத் தொழிலைப் பெட்டி பெட்டியாக ஒட்டி நிறுத்திய பெண்கள் எந்தப் பத்திரத்திலும் இல்லை. எங்கள் நடுவறைக்குத் தளம் போட்டது அத்தை ஒட்டிய பெட்டிக் கூலியில்தான் என்று பாட்டியே சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

அத்தை கோபப்படவில்லை. “அண்ணே, என் பங்கு இம்புட்டுன்னு மொதல்ல ஒரு தாள்ல எழுதிக் காட்டுங்க. அப்புறம் விடுறதா, வச்சுக்கிறதான்னு நான் சொல்லுதேன்.”

இதைவிடச் சரியான கேள்வியை எந்த வழக்கறிஞரும் கேட்டு நான் பார்த்ததில்லை. விடுதலைப் பத்திரம் தன்னளவில் தவறானதல்ல. அக்கா தங்கை மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். ஆனால் எவ்வளவு விடுகிறோம் என்பதே தெரியாமல், ‘கையெழுத்துப் போட்டுட்டு வா’ என்று காரில் கூட்டிப்போய் வாங்குவதை விட்டுக்கொடுத்தல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எழுதிப் பார்த்தோம். முடுக்கு மூன்றடிக்கு 79 அடி, 237 சதுர அடி. அரை செண்டுக்கு மேல் நடைபாதைக்கே போய்விடுகிறது. மிச்சம் அகலம் 19 அடி. நீளத்தை நாலாக வகுத்தால் ஆளுக்கு 19¾ அடி. 19க்கு 19¾, அதாவது 375 சதுர அடிச் சில்லறை. கணக்கு அழகாக வந்ததும் சண்டை ஆரம்பித்தது. தெருப்பக்கத்துக்காரருக்கு முடுக்கு எதற்கு, அவர் ஏன் இடம் விட வேண்டும்? பட்டாசலின் சுவர் 19¾ அடியில் இல்லை, 21 அடியில் இருக்கிறது. சுவரை இடிப்பதா, அளவை மாற்றுவதா? ஒரே தெரு என்பதால் அரசு வழிகாட்டி மதிப்பு எல்லாப் பகுதிக்கும் ஒன்றுதான், ஆனால் தெருவாசல் உள்ள இடமும் முடுக்குக்குள் இருக்கும் இடமும் ஒரே விலையா? சித்தப்பா மகன், ‘எங்க பங்கை வெளியாளுக்கு வித்துட்டுப் போறோம்’ என்று கிளம்பினான். அவனுக்கும் ஒரு பழைய சட்டத்தைக் காட்ட வேண்டியிருந்தது. பிரிக்காத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி அவர் உள்ளே வந்து கூடக் குடியிருக்க முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி குடும்பத்தார் அந்தப் பங்கை மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். இது தெரிந்து எவனும் நல்ல விலை தரமாட்டான்.

நாலு மாதம் பேசினோம். அந்தத் தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் அடைத்திருந்த வாரங்களில்தான் எல்லாரும் ஒன்றாக ஊரில் இருந்தார்கள். சுவர்களை அப்படியே விட்டு, கூடுதல் இடம் பெற்றவர் குறைந்தவருக்குப் பணம் தருவது என்று தீர்ந்தது. கூர்ச்சீட்டில் பொது என்று கிடந்த புறவாசல் அத்தைக்கு. கிணற்றில் நாலு பேருக்கும் தண்ணீர் எடுக்கும் பாத்தியம். முடுக்கு, அடியில் போகும் குழாய், சாக்கடை, மேலே போகும் மின்கம்பி எல்லாம் பொது என்று தனியாக எழுதினோம். கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பது வரை எழுதினோம். அந்த ஒரு வரி விட்டுப்போனதால் முன்சீப் கோர்ட்டுக்குப் போன இரண்டு வீடுகளை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும். எங்கள் பகுதி அம்மா, தங்கை, நான் மூவர் பெயரிலும். அத்தைக்கு ஒரு நியாயம், தங்கைக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாதே.

குடும்பத்தாருக்குள் பாகப்பிரிவினை என்றால் பிரியும் பங்குகளின் மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை, அதற்கு உச்சவரம்பும் உண்டு (2023 ஜூலையில் அதை உயர்த்தியிருக்கிறார்கள்). வெளியாளிடம் கிரயம் எழுதுவதோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு. இதற்குப் பயந்து வெறும் தாளில் எழுதி வைத்தவர்கள் பின்னால் கொடுத்த விலை மிகப் பெரியது.

பத்திரம் பதிவானதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். பத்திரம் உரிமையைப் பிரிக்கும். அரசுக் கணக்கில் நிலத்தைப் பிரிப்பது உட்பிரிவு. மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி, சர்வேயர் வந்து அளந்து, வரைபடத்தில் புதுக் கோடு போட்டு, பழைய எண்ணுக்குக் கீழே புது உட்பிரிவு எண்கள் விழுந்தால்தான் தனிப்பட்டா. இல்லாவிட்டால் எல்லாப் பெயரும் ஒரே கூட்டுப்பட்டாவில் வரிசையாக ஏறும், அளவு யாருக்கு எங்கே என்று அதில் தெரியாது. அண்ணனுக்குக் கீழ்த்தளம், தம்பிக்கு மாடி என்று பிரித்தவர்களுக்கு உட்பிரிவே கிடையாது. மண் ஒன்றுதானே, அதில் பிரிபடாத பாகம்தான் எழுத முடியும். வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமங்களில் இன்னொரு சிக்கல். பழைய கணக்கில் குடியிருப்பு முழுக்க ‘கிராம நத்தம்’ என்று ஒரே எண். பிற்பாடு நத்தம் அளவை வந்து வீடு வீடாக எண் கொடுத்தபோது வாசலில் நின்றவர் பெயரை எழுதிப் போயிருக்கிறார்கள். நின்றவர் பெரும்பாலும் மூத்த மகன். பட்டா மட்டுமே உரிமைமூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்னாலும், அந்த ஒற்றைப் பெயரை வைத்தே தங்கைகளை வெளியே நிறுத்துகிறார்கள்.

பட்டாசு ஆலைகளிலும் இதே கோளாறு வேறு விதமாக நடப்பதை இங்கே குறித்து வைக்கிறேன். ஆலை உரிமம் ஒரு குறிப்பிட்ட வரைபடத்துக்கு, அறைகளுக்கு இடையிலும் சுற்றிலும் விட்ட இடைவெளிக்குச் சேர்த்துத் தரப்படுவது. அதைக் காகிதத்தில் முழுசாக வைத்துக்கொண்டு, அறை அறையாக உள்குத்தகைக்கு விடுகிறார்கள். வீட்டில் இடம் பிரிந்து காகிதம் பிரியாததால் தங்கை ஏமாறுகிறாள். ஆலையில் காகிதம் பிரியாமல் இடம் பிரிவதால் உயிர் போகிறது. அடுத்த வாரம் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

சர்வேயர் வந்த அன்று அத்தை காலையிலேயே வந்து கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். அளந்து முடித்து, பத்திரத்தில் நாலாவது தபசிலாக (சொத்து விவரமாக) எழுதிய அத்தையின் இடத்தின் மூலையில் கல் ஊன்றியபின், பதிவேட்டில் எழுத விவரம் கேட்டார்கள். பெயரைச் சொன்னார்.

“கணவர் பேரும்மா?”

“மகள்னு போடுங்க. எங்க அய்யா பேரைப் போடுங்க.”

பட்டாவில் அப்படித்தான் இருக்கிறது.

(தொடரும்)