பத்தமடைப் பாய்: மணப்பரிசும் மரபும்

மணப்பரிசு என்றதும் எவர்சில்வர் பாத்திரங்களே மேச்சேரிப் பகுதியில் நம் நினைவிற்கு வருகின்றன. ஆயின், மணமக்களின் பெயர்களையே நெசவில் பொதிந்து தரும் பரிசு ஒன்றும் தமிழகத்தில் உண்டு. அதுவே பத்தமடைப் பாய்.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் லெப்பை முஸ்லிம் குடும்பத்தார், சிறப்பாக மகளிர், தலைமுறைகளாக இதனை நெய்து வருகின்றனர். தாமிரபரணிக் கரையோரக் கோரையைப் பசுமையாக அறுத்து, கீறி உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைப்பர். பின்னர் மேலும் மெல்லியதாகக் கீறிப் பருத்தி அல்லது பட்டுப் பாவில் ஊடாக நெய்வர். பாவிழைகள் கூடுந்தோறும் பாய் துணிபோல் மென்மை பெறும்.

ஆர்மீனியர் கம்பளச் சிவப்பை ஒருவகைப் பூச்சியினின்று எடுத்தனர். பத்தமடையார் சப்பங்கி மரக்கட்டையினின்று எடுத்தனர். நாடு வேறாயினும், தம்மைச் சூழ்ந்த இயற்கையிலேயே நிறம் கண்ட அறிவு ஒன்றே.

2012-13ஆம் ஆண்டில் இப்பாய் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு பெயரைக் காக்கும். நெய்பவரின் அடுப்பை எரியச் செய்வது உரிய கூலியே. பல நாள் உழைப்பை நெகிழிப் பாயின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசினால், தாயின் கைத்திறனை மகள் ஏன் கற்க வேண்டும்?

மாணவச் செல்வங்களே! பெரியோர்களே! நம் இல்லத் திருமணங்களில் ஒரு பாயேனும் உரிய விலைக்கு வாங்கிப் பரிசளிப்போம். மரபைப் போற்றுதல் என்பது அதனை நெய்யும் கைகளைப் போற்றுதலே எனக் கருதுகிறோம்.