நடுவயதில் பெண்களுக்கு முடி அடர்த்தி குறைவது ஏன்? என்ன செய்யலாம்?

ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்து ஊர்களான ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூரிலும் நாற்பதைத் தாண்டிய சகோதரிகள் பலர் வெளியே சொல்லத் தயங்கும் கவலை ஒன்று உண்டு. வகிடு அகலமாகிறது, பின்னல் மெலிகிறது. இதைக் கணவரிடம்கூடச் சொல்லாமல், "மலை மூலிகை" என்ற பெயரில் விற்கும் எண்ணெய்களுக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். உண்மையான காரணமோ உடலுக்குள் மறைந்தே இருந்துவிடுகிறது.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்புதான். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைவதால் முடியின் வளரும் பருவம் சுருங்கி, புதிதாக முளைப்பது மெல்லியதாகிறது. இதில் பரம்பரைக்கும் பங்குண்டு. திடீரெனக் கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் காரணம் வேறாக இருக்கலாம். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பெரும் துக்கம் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி உதிர்வதுண்டு. அது பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும்.

இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் முக்கியக் காரணங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. எனவே எண்ணெய் வாங்குமுன் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். சோர்வும் மூச்சிரைப்பும் சேர்ந்திருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

உணவில் ஈரல், இறைச்சி, முருங்கைக்கீரை, பருப்பு, ஜவ்வாது மலையில் விளையும் சாமை ஆகியவற்றைச் சேர்க்கலாம். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

ஹிஜாப் அணிவதால் முடி கொட்டும் என்பது சரியல்ல. ஆனால் முடியை இழுத்து இறுக்கிக் கொண்டை போடுவது நாளடைவில் வேரைப் பாதிக்கும். ஈரத்தோடு கட்டாமல் உலர்த்தி, தளர்வாகக் கட்டுங்கள்.

மருந்துகளில் தலையில் தடவும் மினாக்ஸிடிலுக்கு நல்ல ஆதாரம் உண்டு. தொடக்கத்தில் உதிர்வு சற்றுக் கூடலாம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதமாகும். நிறுத்தினால் பலன் போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் பயன்படுத்தக் கூடாது. தோல் மருத்துவரின் ஆலோசனையோடு தொடங்குவதே நல்லது.

இனி மார்க்கச் சட்டம். நோயால் முடி உதிர்ந்த ஒரு மணப்பெண்ணுக்கு வேறு முடியை இணைக்கலாமா என்று கேட்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இச்செய்தி புகாரியில் உள்ளது. எனவே மனித முடியால் ஆன விக், சவுரி கூடாது. பட்டு நூல், செயற்கை இழை போன்றவற்றுக்கு ஹனஃபி மத்ஹபில் அனுமதி உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் கூடுதல் நிபந்தனைகள் இருப்பதால் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும். உளூவில் மஸ்ஹு செய்யும்போது விக்கைக் கழற்றிவிட வேண்டும். அதன்மேல் தடவினால் போதாது. தன் முடியையே எடுத்து நடும் சிகிச்சையோ இல்லாததைச் சேர்ப்பதல்ல, இழந்ததை மீட்பது. 2007-இல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, முடி உதிர்ந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இதை அனுமதித்துள்ளது.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. "வயசாயிடுச்சு, இனி எதுக்கு?" என்ற கேலி, மனைவியை மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கும். மருந்து தேடுவது நபிவழி. தாங்களே உடன் சென்று அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்து கொடுங்கள். முடி முழுமையாகத் திரும்பாமல் போகலாம். ஆனால் உள்ளே ஒளிந்திருக்கும் நோய் நேரத்தோடு தெரிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.