சொல்வதெழுதலும் வீட்டுப் பயிற்சியும்

ஆரம்பப் பாடசாலைகளிலே திங்கட்கிழமை பத்துச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை அவற்றைச் சொல்வதெழுதலாகக் கேட்பது நெடுங்கால வழக்கம். பாடசாலையில் அது பத்து நிமிட வேலை. வீடுகளிலோ அது பெரும்பாலும் வியாழக்கிழமை இரவின் போராட்டமாக முடிகின்றது. விளக்கின்கீழ்ப் பிள்ளை தூங்கி வழிய, தாயார் அடுப்படிக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே சொற்களைக் கேட்க, தந்தையார் இடையிலே வந்து அதட்ட, அழுகையோடு கொப்பி மூடப்படுவதைப் பல பெற்றோர் என்னிடம் வந்து முறையிட்டிருக்கின்றனர்.

முறைப்பாட்டைக் கேட்கும் எனக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நான் ஆசிரியப் பணியிற் சேர்ந்த புதிதில், பிழையாக எழுதிய சொல்லை ஐம்பது தரம் எழுதி வரும்படி பணிப்பது என் வழக்கமாயிருந்தது. ஒரு நாள் ஒரு சிறுவன் "முயற்சி" என்னும் சொல்லை ஐம்பது தரம் எழுதிக்கொண்டு வந்தான். நானும் பார்த்தோ பாராமலோ கையொப்பமிட்டேன். பின்னர் உற்றுநோக்கியபோதுதான் இரண்டு விஷயங்கள் புலப்பட்டன. அவன் அதனைச் சொல்லாக எழுதவில்லை. முதலில் "மு" என்பதைத் தாளின் மேலிருந்து கீழ்வரை எழுதி, அதன் அருகே "ய" என்பதை எழுதி, இவ்வாறு தூண் தூணாக எழுப்பியிருந்தான். மற்றையது, ஐம்பது இடத்திலும் "முயற்ச்சி" என்றே இருந்தது. பிழையை ஐம்பது மடங்கு உறுதிப்படுத்துவதற்கு நானே வழிசெய்து கையொப்பமும் இட்டுவிட்டேன்.

அச்சிறுவன் ஏன் ஒரு சகர ஒற்றை மிகையாகப் புகுத்தினான்? அவன் மூடனல்லன். வளர்ச்சி, மகிழ்ச்சி ஆகிய சொற்களை முந்திய வாரங்களிலே கற்றவன். அவற்றில் "ச்" இருக்கின்றது. ஆகவே இதிலும் இருக்கவேண்டும் என்று அவன் அறிவு அவனுக்குச் சொல்லியது. யகர, ரகர, ழகர ஒற்றுகளின் பின் இன்னொரு புள்ளியெழுத்து வரலாம். பாய்ச்சல், பார்க்க, வாழ்த்து என்பன காண்க. ஆனால், ட், ற் ஆகிய இரண்டின் பின் வேறொரு புள்ளியெழுத்து வருவதில்லை. அதற்கு, கற்பனை, பயிற்சி, காட்சி, நட்பு, கேட்கிறான் என்றே எழுதவேண்டும். இந்த ஒரு விதியை ஒரு மாலைப்பொழுதிலே பிள்ளைக்கு விளக்கினால், பெரியவர்களின் கடிதங்களிலும் கடைப் பலகைகளிலும் கூடக் காணப்படும் ஒரு பெருங் கூட்டமான பிழைகள் ஒழிந்துவிடும். ஐம்பது தரம் எழுதுவித்தமையால் அவை ஒழியவில்லை என்பதற்கு நானே சாட்சி.

எனவே பிள்ளையின் கொப்பியிலே பிழையைக் கண்டதும், அது எவ்வகைப் பிழை என்று பார்ப்பதே முதற் கடமை. சில பிழைகள் விதியினால் தீரும். மூன்று நகரங்களைப் பற்றிய மயக்கம் பெரும்பாலும் அத்தகையது. டகரத்தின் முன் "ண்" வரும்; தகரத்தின் முன் "ந்" வரும்; றகரத்தின் முன் "ன்" வரும். வண்டு, பந்து, கன்று என்னும் மூன்று சொற்களைப் பிள்ளை மனத்திற் கொண்டால் போதும். நம் முன்னோர் இவ்வெழுத்துகளை டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று வழங்கிய பெயர்களிலேயே அந்தச் சோடி அமைந்திருக்கின்றது. சொல்லின் முதலில் வருவது தந்நகரம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

வேறு சில பிழைகளுக்கு விதி உதவாது. கண்ணின் ஞாபகமே உதவும். லகர, ழகர, ளகர மயக்கம் இவ்வகையின் தலையாயது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே மழையை "மளை" என்றும் பழத்தைப் "பளம்" என்றும் ஒலிக்கின்றோம். வீட்டிலே இவ்வாறு கேட்டு வளர்ந்த பிள்ளை, காது சொன்னபடி எழுதினால் அதனைக் குற்றங்கூற இயலுமா? என் மாணவி ஒருத்தி, "அம்மா மீன் குளம்பு சமைத்தார்" என்று எழுதினாள். குளம்பு மாட்டின் காலில் இருப்பது. மீனுக்கு ஏது குளம்பு என்று வகுப்பிலே கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அதன்பின் அவள் குழம்பில் பிழைவிட்டதில்லை. பொருள் வேறுபாட்டைப் படமாக மனத்திற் பதித்துவிடுதல் இவ்விடத்தில் நல்ல உபாயம். வீட்டின் மேலே இருப்பது கூரை, மணப்பெண் உடுப்பது கூறை. அடுப்பில் எஞ்சுவது கரி, சோற்றோடு உண்பது கறி. இவற்றை இராச் சாப்பாட்டின்போதே விளையாட்டாகக் கேட்கலாம்.

சொற்களைக் குடும்பமாகச் சேர்த்துக் காட்டுவதும் பயன்தரும். "எழுது" என்பதில் ழகரம் என்று தெரிந்த பிள்ளைக்கு எழுத்து, எழுத்தாளர் என்பவற்றில் ஐயம் எழாது. "வாழ்" என்பதை அறிந்தால் வாழ்வு, வாழ்க்கை, வாழ்த்து எல்லாம் பின்னாலே வரும். "தொழிலாளர்" என்னும் ஒரே சொல்லில் ழகரம், லகரம், ளகரம் மூன்றும் அதே ஒழுங்கில் நிற்பதைக் காட்டினால் பிள்ளைகள் வியந்து மகிழ்வர். அந்தச் சொல்லை மறப்பதுமில்லை.

இனிப் பயிலும் முறையைப் பார்ப்போம். 1885 ஆம் ஆண்டிலே ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, தம் மறதியை அளந்து ஒரு நூல் வெளியிட்டார். கற்றதன் பெரும்பகுதி முதற் சில மணி நேரத்திலேயே மறந்துபோகின்றது என்பதையும், ஒரே மூச்சிற் படிப்பதிலும் நாட்களிடையே பகிர்ந்து படிப்பது மேலானது என்பதையும் அவர் கண்டார். 2006 ஆம் ஆண்டிலே அமெரிக்க உளவியலாளர் ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவரும் கல்லூரி மாணவரிடத்தே நடத்திய சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, வாசித்தபின் பாராமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே ஒரு வாரத்தின் பின் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். ஐந்து நிமிடங் கழித்துக் கேட்டபோதோ, திரும்ப வாசித்தவர்களே முந்திநின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. வியாழன் இரவு முழுதும் பார்த்தெழுதிய பிள்ளை அன்றிரவு பத்தும் சரியாகச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் அதே சொற்களில் தடுமாறுவதன் காரணம் இதனால் ஓரளவு விளங்கும்.

ஆகவே பார்த்தெழுதுதலைக் குறைத்து, பாராமல் எழுதுதலைக் கூட்டவேண்டும். பிள்ளை சொல்லைப் பார்க்கட்டும், வாய்விட்டுச் சொல்லட்டும், மறைத்துவிட்டு எழுதட்டும், பின் திறந்து எழுத்தெழுத்தாக ஒப்பிடட்டும். பிழையிருந்தால் பிழையான எழுத்தை மாத்திரம் கோடிட்டு, முழுச்சொல்லையும் ஒருமுறை மீண்டும் மறைத்தெழுதினாற் போதும். திங்கள் தொடங்கி நாளொன்றுக்குப் பத்து நிமிடம். சரியாக வந்த சொற்களை ஒதுக்கிவிட்டு வராதவற்றையே அடுத்த நாள் எடுக்கவேண்டும். முந்திய வாரத்துச் சொற்களில் இரண்டையும் இடையே கலந்து கேட்பது நன்று. பத்து நிமிடத்துக்குமேல் நீட்டுவதால் நன்மை எதனையும் நான் கண்டதில்லை.

பாட்டனார், பாட்டியார் பயிற்றும் வீடுகளிலே ஒரு சிறு சிக்கல் எழுவதுண்டு. தமிழ்நாட்டு அரசு 1978 ஆம் ஆண்டில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்திற்று. பின்னர் அவ்வடிவங்கள் இங்கும் பரவின. ணை, லை, னை போன்றவற்றை மேலே தும்பிக்கை சுழித்து எழுதப் பழகிய அம்மம்மா, பேர்த்தியின் எழுத்தைப் பிழையென்று திருத்திவிடுவார். இருவர் எழுதுவதும் சரியே, ஆனால் பாடப்புத்தகத்து வடிவையே பிள்ளை பழகட்டும் என்று அன்போடு சொல்லிவிட்டால் வழக்குத் தீரும்.

தமக்கே எழுத்து வராத பெற்றோர் என்ன செய்வது? மூன்றாந் தரத்திற் பயின்ற ஒரு பிள்ளையின் தாயார் பெற்றோர் கூட்டங்களுக்கு வருவதேயில்லை. நான் சொல்லியனுப்பிய பின் ஒரு நாள் வந்து வாசலிலேயே நின்றார். 1995 ஆம் ஆண்டு வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது அவருக்கு வயது எட்டு. அதன்பின் பாடசாலைக்குத் திரும்பவேயில்லை. "நான் என்னத்தை ஐயா சொல்லிக் கொடுக்கிறது?" என்று கேட்டார். மகளோ, தாய்க்குத் தெரியாத காரியத்தைத் தானும் கற்கவேண்டியதில்லை என்ற எண்ணத்துக்கு மெல்ல வந்துகொண்டிருந்தாள்.

பழைய நாட்காட்டித் தாளைச் சிறு அட்டைகளாக வெட்டி, அட்டைக்கொரு சொல்லாக மகளையே எழுதச்செய்து, அச்சொற்களை நான் சரிபார்த்துக் கொடுத்தேன். தாயாருக்கு இரண்டே வேலைகள். மகள் எழுதி முடிக்கும்வரை அட்டையைக் கவிழ்த்துப் பிடித்திருத்தல். முடிந்ததும் அட்டையையும் கொப்பியையும் அருகருகே வைத்து, எழுத்துக்கு எழுத்து வடிவம் ஒத்திருக்கிறதா என்று விரலால் தொட்டுக்கொண்டு பார்த்தல். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை. கண்ணும் பொறுமையும் இருந்தாற் போதும். முதல் வாரம் மகள் பத்தில் நான்கு பெற்றாள். தவணை முடிவில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் நின்றாள்.

தாயார் இப்பொழுது சந்தைக்குப் போகுமுன் சாமான் பட்டியலைத் தாமே எழுதுகிறாராம். மகள் திருத்திக் கொடுக்கிறாளாம். சென்ற மாதம் உளுந்துக்கு எந்த ளகரம் என்பதில் இருவருக்கும் தீராத தர்க்கம் ஏற்பட்டு, மறுநாட் காலை அட்டையும் கையுமாக மகள் என் மேசையடியில் வந்து நின்றாள்.