விழுந்தால் சிரிப்பு: கோனி ஐலண்டின் கண்ணாடிக் கூடம்

வழவழவென்று இழைத்த பெரிய வட்ட மரத்தட்டு. நடுவில் சற்றே மேடு, விளிம்பை நோக்கிச் சரிவு. கூட்டமாக ஏறி அதில் நெருக்கியடித்து உட்கார்கிறார்கள். தட்டு மெல்லச் சுழல ஆரம்பிக்கிறது. முதலில் விளிம்பில் இருந்தவர் வழுக்கிக்கொண்டு போகிறார். அவர் பிடித்திருந்த சட்டைக்காரரும் கூடவே போகிறார். வேகம் கூடக் கூட ஒவ்வொரு வட்டமாகக் காலியாகி, கடைசியில் நட்டநடுவில் ஒருவர் மட்டும் மிஞ்சுவார். சுற்றி நிற்கும் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

நியூயார்க் நகரின் கோனி ஐலண்ட் கடற்கரையில், ஸ்டீபிள்சேஸ் பூங்காவுக்குள் இருந்த ‘பெவிலியன் ஆஃப் ஃபன்’ என்ற கூடத்தில் இப்படி ஒரு சக்கரம் இருந்தது. ‘மனித ரூலெட் சக்கரம்’ என்று அதற்குப் பெயர். சூதாட்ட விடுதியின் ரூலெட்டில் பந்து உருளும். இங்கே மனிதர்கள் உருண்டார்கள்.

கூடத்தைக் கட்டியவர் ஜார்ஜ் டில்யூ. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போனவர், அங்கே ஃபெரிஸ் என்ற பொறியாளர் எழுப்பியிருந்த ராட்சத ராட்டினத்தைப் பார்த்து மயங்கிப்போனார். விலைக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. அதில் பாதி உயரம்கூட வராத, 125 அடி ராட்டினம் ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு, கோனி ஐலண்டில் அது வரவிருந்த இடத்தில், உலகிலேயே பெரிய ராட்டினம் இங்கே வரப்போகிறது என்று பலகை மாட்டினார். சரக்கைவிட விளம்பரத்தைப் பெரிதாக்கத் தெரிந்த மனிதர்.

1897-ல் சுற்றிலும் வேலி போட்டு ஸ்டீபிள்சேஸ் பூங்காவைத் திறந்தார். ஸ்டீபிள்சேஸ் என்றால் தடை தாண்டும் குதிரைப் பந்தயம். இங்கே ஓடியவை மரக்குதிரைகள். பக்கம் பக்கமாக வளைந்து செல்லும் தண்டவாளங்களில், ஓர் உயரத்திலிருந்து புவியீர்ப்பின் பலத்திலேயே அவை பாய்ந்து இறங்கும். ஒரு குதிரையில் இருவர் சேர்ந்து உட்காரலாம் என்பதால் காதலர்கள் மொய்த்தார்கள். எடை அதிகமுள்ள ஜோடிக்கே வெற்றி வாய்ப்பு அதிகம். கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே வேகத்தில் விழும் என்று பள்ளியில் படித்தது பொய்யா? பொய்யில்லை, அது காற்று இல்லாத இடத்துக்குப் பொருந்தும். பாய்ந்து வரும் குதிரையைக் காற்று எதிர்த்துத் தள்ளும்போது, கனத்த ஜோடியின் வேகம் குறைவாகவே குறையும்.

1907 ஜூலை 28 அன்று பூங்கா தீப்பிடித்து எரிந்தது. மரமும் சுண்ணச்சாந்தும் கொண்டு கட்டிய கோனி ஐலண்டுக்கு நெருப்பு புதிதல்ல. மறுநாளே டில்யூ ஒரு பலகை வைத்தார்: புகையும் இடிபாடுகளைப் பார்க்கக் கட்டணம் 10 சென்ட். ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள்.

அந்தச் சாம்பலின் மேல், இரண்டே ஆண்டுகளுக்குள் எழுந்ததுதான் எஃகும் கண்ணாடியும் கொண்ட பெவிலியன். திறந்தவெளிப் பூங்காவின் முதல் எதிரி மழை. ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தால் வாரத்தின் வரும்படியே போயிற்று. கூரைக்குள் விளையாட்டுகளைக் கொண்டுவந்தால் அந்தக் கவலை இல்லை. கண்ணாடி வழியே பகல் வெளிச்சம் கிடைக்கும். மரச்சட்டத்தைப் போல எஃகுச் சட்டம் பற்றிக்கொள்ளாது. பூங்காவின் சின்னமோ, காதுவரை வாய் பிளந்து எல்லாப் பல்லையும் காட்டும் ஒரு முகம். உள்ளே என்ன நடக்கும் என்பதற்கு அதுவே முன்னறிவிப்பு.

சக்கரத்துக்கு வருவோம். பேருந்து சட்டென்று வளையும்போது இருக்கையில் ஓரமாகச் சரிகிறோமே, அதே சங்கதிதான். ஓடும் பொருள் நேர்கோட்டில் ஓடவே பார்க்கும். அதை வட்டத்தில் திருப்ப உள்நோக்கி ஒரு விசை வேண்டும். தட்டில் அந்த விசையைத் தருவது உடைக்கும் பலகைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. மையத்திலிருந்து தள்ளிப் போகப் போகத் தேவைப்படும் விசை கூடும், உராய்வு கூடாது. சரிவை விட்டுவிட்டு, உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக் கணக்குப் போட்டால், மையத்திலிருந்து 2 மீட்டரில் இருப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 12 சுற்றிலேயே வழுக்குவார். அரை மீட்டரில் இருப்பவர் 23 சுற்றுவரை தாங்குவார். இந்தக் கணக்கில் உடல் எடைக்கு இடமே இல்லை. எடை கூடினால் உராய்வும் கூடும், தேவைப்படும் விசையும் அதே அளவு கூடும். குதிரையில் ஜெயித்த கனத்த ஜோடிக்குத் தட்டில் எந்தச் சலுகையும் கிடையாது.

இன்னொரு வேடிக்கை, படுக்கவைத்துச் சுழலும் பீப்பாய். அதற்குள் நடந்து மறுபக்கம் போக வேண்டும். நேராக ஓடுபவரின் காலைப் பீப்பாய் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் ஏற்றிக் கவிழ்த்துவிடும். தரை இடப்பக்கம் நகர்ந்தால், அதே வேகத்தில் வலப்பக்கம் எட்டு வைத்தபடியே முன்னேறுவதுதான் தப்பிக்கும் வழி. விழுந்தவர் தனியாக விழ மாட்டார். பின்னால் வருபவரும் அவர்மேல் விழுவார். ஆணும் பெண்ணும் பொதுவிடத்தில் கைகோப்பதற்கே கூச்சப்பட்ட காலம் அது. பழியைப் பீப்பாயின் மேல் போட்டுவிட்டுக் கட்டிக்கொள்ளலாம். டில்யூ விற்ற பண்டங்களில் இதுவும் ஒன்று.

கூடத்தின் உச்சக்கட்டம் ‘ப்ளோஹோல் தியேட்டர்’. மரக்குதிரையில் இறங்கியவர்கள் வெளியேறும் வழி என்று நினைத்துப் போனால், வெளிச்சமான ஒரு மேடையில் வந்து நிற்பார்கள். எதிரே வரிசை வரிசையாகப் பார்வையாளர்கள். தரைத் துவாரங்களிலிருந்து காற்று பீறிட்டுத் தொப்பிகளைப் பறக்கடிக்கும், பெண்களின் பாவாடையைத் தூக்கும். கோமாளி மின்கோலால் ஆண்களைச் சுருக்கென்று தீண்டுவார். இன்று செய்தால் காவல் நிலையத்தில் முடியும் காரியம். அன்று அவமானப்பட்டவர்கள் மேடையை விட்டு இறங்கியதும் அதே இருக்கைகளில் போய் உட்கார்ந்து, அடுத்து வருபவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

டில்யூவின் கண்டுபிடிப்பு என்று ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும். சர்க்கஸுக்குப் பயிற்சி பெற்ற கலைஞர்கள் வேண்டும், யானைக்குத் தீனி வேண்டும். இங்கே ஆட்டம் காட்டியவர்கள் வாடிக்கையாளர்கள்; அதற்குக் காசு கொடுத்தவர்களும் அவர்களே. நம் ஊர்ப் பொருட்காட்சியில் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுப்போம். அவரோ 25 சென்ட்டுக்கு 25 விளையாட்டுகள் என்று ஒரே டிக்கெட்டில் அடக்கினார். உள்ளே வந்தவர் பணத்தை எண்ணிக்கொண்டிராமல், விழுவதும் விழுபவரைப் பார்ப்பதுமாகப் பொழுதைக் கழிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

பக்கத்துப் போட்டிப் பூங்காக்களின் கதை வேறு. ட்ரீம்லேண்ட் 1911-ல் எரிந்து ஒரேயடியாக மூடியது. லூனா பார்க்கை 1944-ல் தீ தின்றது. ட்ரீம்லேண்டுக்கு அருகில் இருந்து தப்பிய ‘எல்டொராடோ’ குடைராட்டினம் இந்தக் கூடத்துக்குள் குடியேறியது. ஜெர்மனியில் ஹ்யூகோ ஹாசே செய்வித்த, செதுக்குவேலை நிறைந்த ராட்டினம் அது. டில்யூ 1914-ல் இறந்த பின்னும் அவர் குடும்பம் பூங்காவை விடாமல் நடத்தியது. 1939 உலகக் கண்காட்சியின் பாராசூட் கோபுரத்தை 1941-ல் வாங்கி நிறுத்தியது.

1964 செப்டம்பரில் பூங்கா மூடியது. இடத்தை வாங்கியவர் ஃப்ரெட் டிரம்ப்; பின்னாளில் அமெரிக்க அதிபரான டொனால்ட் டிரம்பின் தந்தை. அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுவது அவர் திட்டம். 1966-ல் பெவிலியனை இடிக்கும்போது அதற்கும் ஒரு விருந்து வைத்தார். வந்தவர்கள் செங்கல்லை வீசிக் கண்ணாடிகளை உடைத்தார்கள். நகரத்தின் அனுமதி கிடைக்காமல் குடியிருப்பு வரவே இல்லை.

எல்டொராடோ கப்பலேறி ஜப்பானுக்குப் போய், டோக்கியோவின் டோஷிமாயென் பூங்காவில் 2020-ல் அது மூடும்வரை சுற்றியது. பாராசூட் கோபுரம் மட்டும் கடற்கரையில் இன்றும் நிற்கிறது. கூடம் இருந்த வளாகத்தில் 2001 முதல் பேஸ்பால் அரங்கம். ஆடுபவர்கள் மைதானத்தில், பார்ப்பவர்கள் இருக்கையில், நடுவே தடுப்பு. அந்தத் தடுப்பு இல்லாத இடம்தான் டில்யூவின் கூடம். டிக்கெட் எடுத்தவர் யாராக இருந்தாலும், ஒரு முறையாவது மேடை ஏறாமல் வீடு திரும்ப முடியாது.