வாடைக் காற்றும் நெஞ்சுச் சளியும்

ஐப்பசி பிறந்து வாடைக் காற்று வீசத் தொடங்கினால் வன்னியில் இருமல் ஒலி கேளாத வீடு அரிது. சோளகம் கிளப்பிய புழுதி அடங்கிக் குளங்கள் நிரம்பும் அந்நாட்களிலேயே நெஞ்சிற் சளி கட்டுகிறது. பருவத்துக்கும் மூச்சுக்கும் உள்ள இவ்வுறவைச் சீன வைத்தியம் பண்டே கண்டு, நுரையீரலை இலையுதிர் காலத்துக்குரிய உறுப்பென வகுத்தது.

ஆயினும் சீனத்தார் மருந்தை அப்படியே இரணைமடுவுக்குக் கொண்டுவருதல் பொருந்தாது. இலையுதிர் காலத்தின் குற்றம் வறட்சி என்பது அவர்கள் கொள்கை. ஆதலால் பேரிக்காயைக் கற்கண்டுடன் அவித்து உண்டு, உலர்ந்த தொண்டைக்கு ஈரம் ஊட்டுகின்றனர். வன்னியிலோ அதே காலத்தில் வடகீழ்ப் பருவமழை பொழிகிறது. ஈரத்தாலும் குளிராலும் இங்கு மிகுவது ஐயம் என்பர் சித்த வைத்தியர். வேர்க்கொம்பும் மல்லியும் அவித்த குடிநீர், தூதுவளை இரசம், நொச்சியிலை வேது என வெம்மை தருவனவே இங்கு வீட்டு மருந்தாயின.

இவை யாவும் வெறும் நம்பிக்கை அல்ல. வேலியோரத்து ஆடாதோடையில் வாசிசின் என்னும் பொருள் உண்டு. அதனை அடியொற்றியே சளியை இளக்கும் புரோமெக்சின் மாத்திரை ஆக்கப்பட்டது. சீனத்தார் இரைப்புக்குக் கொடுத்த மா-குவாங் செடியிலிருந்து எபிட்ரினை 1885ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தவர் ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி. அதே எபிட்ரின் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றுவது. அதனாலேயே அது கலந்த உணவுத் துணைப்பொருள்களை அமெரிக்கா 2004இல் தடைசெய்தது. மூலிகைதானே, என்ன தீங்கு என்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம். ஆடாதோடையுங்கூடக் கருப்பையைச் சுருக்கவல்லது. கருவுற்ற மகளிர் அதனை விலக்குதல் வேண்டும்.

குடிநீர் காய்ச்சும் அடுப்பே சில வீடுகளில் நெஞ்சுக்குப் பகையாகிறது. மழைக்குக் கதவடைத்த குசினியில் ஈரவிறகு புகையும்போது தாயும் மடிக்குழந்தையும் அப்புகையையே சுவாசிக்கின்றனர். புகைபோக்கியோ திறந்த சன்னலோ இல்லாதவிடத்துத் தூதுவளை என்ன செய்யும்? காலபோக அறுவடையில் எழும் நெற்தூசியும் இரைப்பு உள்ளவரை வருத்துவதே. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது சிறு காரியந்தான்.

வீட்டு மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு வாரங் கடந்தும் இருமல் நீங்காவிடின் அதனை வாடையின் மேற் போடலாகாது. அது காசநோயாக இருக்கலாம். அரச வைத்தியசாலைகளில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆறு மாதமாவது மருந்தைத் தவறாது உட்கொண்டால் பெரும்பாலும் குணமாகும். கண்டறியப்படாது கழியும் ஒவ்வொரு நாளும் அதே கூரையின் கீழ் உறங்கும் பிள்ளைகளுக்கு அது தொற்றக்கூடும். மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியன தோன்றினால் அவ்விரண்டு வாரமுங் காத்திருத்தல் ஆகாது.