ஏலத்தில் விலைபோவது எது?

வாசிகசாலைக்குக் கூரை வேயவோ ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கவோ பணம் வேண்டுமென்றால், ஏலம் வைக்கலாம் என்ற யோசனை நம்மவரிடையே உடனே எழும். வாழைக்குலையும் பலாப்பழமும் வந்து குவியும். பொருள் குவிந்தாற் பணமும் குவியும் என்பது உறுதியன்று. வாழைக்குலைக்குச் சந்தையில் ஒரு விலையுண்டு. கேட்பவர் அதனை எட்டியதும் வாய்மூடி விடுவார்.

இத்தொழிலிற் கைதேர்ந்தவர் காந்தியடிகள். தீண்டாமை ஒழிப்பின் பொருட்டு, அந்நாளில் அரிசன நிதி எனப்பட்டதற்காக, 1933 நவம்பரிலே தொடங்கி ஏறக்குறைய ஒன்பது மாதம் இந்தியாவெங்கும் சுற்றினார். சென்ற தூரம் சுமார் 12,500 மைல். சேர்ந்த நிதி சுமார் 8 இலட்சம் ரூபா. ஊரார் வாசித்தளித்த வரவேற்புப் பத்திரங்களை அவர் வீட்டுக்குக் கொண்டுசெல்வதில்லை. அந்த மேடையிலேயே ஏலங்கூறி விடுவார். பிறர் பெயருக்கு எழுதிய வாழ்த்து வாங்குவோருக்கு எதற்கு உதவும்? எதற்கும் உதவாது. ஆகவே மலிவு தேடி எவரும் அதனைக் கேட்பதில்லை. கொடுக்க நினைத்தவரே கேட்டனர். அதுவும் பேச்சின் சூடு ஆறுமுன்!

1934 ஜனவரி 14ஆம் நாள் மலையாள நாட்டு வடகரையில் நடந்த கூட்டம் புகழ்பெற்றது. கௌமுதி என்னும் இளம்பெண் மேடையேறி வளையல்களைக் கழற்றினாள், பின்னர் கழுத்திலிருந்த பொன்மாலையை, அதன்பின் காதணிகளை. பெற்றோர் இசைவு உண்டோ என அடிகள் வினவினார். அவள் தந்தையோ அதே கூட்டத்திலிருந்து வரவேற்புப் பத்திரங்களுக்கு ஏலங்கேட்டுக்கொண்டிருந்தார்!

நம்மூர் ஏலத்துக்கு வருவோம். பலாப்பழம் இருக்கட்டும், அதனோடு, உதவிபெறப்போகும் பிள்ளைகள் வரைந்த படமொன்றையும் வையுங்கள். சேரும் பணம் எதற்கென்பதைத் தொடக்கத்திலேயே ஏலங்கூறுபவர் விளங்கச் சொல்லட்டும். நகைச்சுவை அவருக்கு வேண்டும். ஆனால் குறைவாகக் கேட்டவரைப் பார்த்துச் சபை சிரிக்கும்படி பேசலாகாது. அடுத்த முறை அம்மனிதர் வரமாட்டார், அவர் வீட்டாரும் வரமாட்டார். சிறந்த பொருளை இறுதிவரை ஒளித்துவைப்பதும் வீண். குழந்தைகளோடு வந்த தாய்மார் அதற்குள் எழுந்துவிடுவர். கேட்ட தொகையை அங்கேயே வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுத்துவிடுங்கள். “நாளைக்குத் தருகிறேன்” என்ற பணத்துக்காக வீடுவீடாக நடந்த காரியதரிசிமாரைக் கேட்டாற் கதைகதையாகச் சொல்வார்கள்.