விமானம் ஏறும் குறட்டை மிஷின்

சேலம் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறக்க ஒரு மணி நேரம்தான். ஆனால் பாதுகாப்புச் சோதனையில் கைப்பை ஸ்கேனருக்குள் போய் நின்றுவிட்டால் அந்த ஒரு நிமிடம் பயணத்தைவிட நீளம். "யாரோட பை இது? திறங்க." உள்ளே டிபன் பாக்ஸ் அளவில் சாம்பல் நிறப் பெட்டி, சுருட்டி வைத்த பிளாஸ்டிக் குழாய், தலைப்பட்டையோடு ஒரு மூக்கு மூடி. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "ஆக்சிஜனுங்களா?" என்று ஒருவர் பரிவோடு கேட்பார். "அதெல்லாம் இல்லீங்க, குறட்டைக்கு மாட்டுற மிஷினுங்க" என்று அறுபது வயதுக்காரர் சபை நடுவே சொல்லியாக வேண்டும்.

இந்த ஒரு நிமிடத்துக்குக் கூச்சப்பட்டே மிஷினைக் கட்டிலோரம் வைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. நாலு நாள் கல்யாணம்தானே, அது இல்லாமல் ஒப்பேற்றிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். சர்க்கரை மாத்திரையை அப்படி வைத்துவிட்டுப் போகத் துணியாத அதே ஆட்கள்தான்.

ஸ்லீப் ஆப்னியா என்று டாக்டர் சீட்டில் எழுதுவது வெறும் குறட்டையை அல்ல. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்கிறது, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது, மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. பத்து விநாடி, முப்பது விநாடி, சிலருக்கு ஒரு நிமிடம்கூட. நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறிப்போய் ஆளை அரைகுறையாக எழுப்பும். ஓர் உறுமலோடு மூச்சு திரும்பும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருந்த மனைவிக்கு எல்லாம் நினைவிருக்கும். ஒரு மணி நேரத்தில் இப்படி 5 தடவைக்கு மேல் நடந்தால் நோய்க் கணக்கில் வரும். 30 தடவையைத் தொட்டால் கடுமையானது, அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கழுத்தை நெரித்து விடுவது போல. 2022 பிப்ரவரியில் இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சொன்னார்கள். பேப்பர் படிக்கிற பலரும் அப்போதுதான் இதைக் கேள்விப்பட்டார்கள்.

மிஷின் செய்யும் வேலை எளிது. வெளிக்காற்றை உறிஞ்சி, வடிகட்டி, லேசான அழுத்தத்தில் மூக்கு வழியாக ஓயாமல் ஊதுகிறது. அந்தக் காற்று தொண்டைக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிறது. எவ்வளவு அழுத்தம் என்று தெரிய வேண்டுமானால், ஒரு சொம்புத் தண்ணீரில் இளநீர் ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, குமிழி வரும்படி ஊதிப் பாருங்கள். பலருக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய அதுதான். மிஷின் தரக்கூடியது 4 முதல் 20 சென்டிமீட்டர் வரை. 110 பவுண்டு காற்று பிடிக்கும் லாரி டயரோடு ஒப்பிட்டால், 10 சென்டிமீட்டர் என்பது எழுநூறில் ஒரு பங்குகூடத் தேறாது.

இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர் காலின் சலிவன். அதுவரை கடுமையான நோயாளிகளுக்கு இருந்த வழி, கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பது. 1980இல் அப்படித் துளை போட வேண்டியிருந்த ஒருவரிடம் சலிவன் தன் யோசனையைச் சொல்லி, மூக்கில் மூடியைப் பொருத்தி, வாக்குவம் கிளீனர் பாணி மோட்டாரால் காற்றை ஊதிப் பார்த்தார். மூச்சடைப்பு நின்றது. 1981இல் லான்செட் இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை வந்தது. சிபாப் என்று இன்று நாம் சொல்லும் கருவியின் பிறப்பு அது. அன்று படுக்கையோரம் இரைந்த மோட்டார் இன்று ஒன்றேகால் கிலோ. பயணத்துக்கென்றே 300 கிராமில்கூட வருகிறது.

இந்த விவரத்தில் விமானப் பயணிக்குத் தேவையான சங்கதி ஒன்று ஒளிந்திருக்கிறது: மிஷினுக்குள் ஆக்சிஜன் இல்லை. சிலிண்டர் இல்லை, வாயு இல்லை, தீப்பற்றும் சமாச்சாரமே இல்லை. அறைக் காற்றுதான். சொந்த ஆக்சிஜன் சிலிண்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். ஆக்சிஜன் கன்சன்ட்ரேட்டருக்குத் தனி அனுமதி வேண்டும். இந்த இரண்டோடும் சிபாப்பைப் போட்டுக் குழப்பிக்கொள்ளும்போதுதான் கவுண்டரில் பேச்சு வளர்கிறது. "காற்று மட்டும் ஊதும் கருவி, ஆக்சிஜன் கிடையாது" என்ற வாக்கியம் டாக்டர் கடிதத்தில் ஆங்கிலத்தில் இருக்கட்டும். நோயின் பெயர், அழுத்த அளவு, கருவியின் மாடல், டாக்டரின் பதிவு எண், இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பையிலும் ஒன்றைச் சட்டைப் பையிலும் வையுங்கள். ஸ்கேனருக்கு அனுப்புமுன் மிஷினை மட்டும் வெளியே எடுத்து, சுத்தமான பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தட்டில் வைப்பது நல்லது. அந்தத் தட்டில்தான் அத்தனை பேரின் செருப்பும் போயிருக்கிறது. நீங்கள் ராத்திரி மூச்சிழுக்கும் துவாரம் அதில் படவேண்டாம். எக்ஸ்ரே மிஷினைக் கெடுக்காது.

இனி எடைக் கணக்கு. உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குக் கைப்பை 7 கிலோ. மருத்துவக் கருவியைப் பல நிறுவனங்கள் அதில் சேர்ப்பதில்லை. ஆனால் கவுண்டரில் போய் வாதாடுவதைவிட, 48 மணி நேரத்துக்கு முன்பே பிஎன்ஆர் எண்ணோடு விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டுப் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அமெரிக்கா சம்பந்தப்பட்ட விமானங்களுக்கு இது சட்டமாகவே இருக்கிறது: 2009இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை விதிப்படி, இத்தகைய கருவியைக் கைப்பை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

லக்கேஜில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பெட்டி தொலைந்தால் வேட்டி சட்டை வாங்கிக்கொள்ளலாம். இரவு பத்து மணிக்கு ஊர் பேர் தெரியாத இடத்தில் சிபாப் வாங்க முடியாது. சேலத்திலிருந்து போகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கவனம் வேண்டும். இந்த விமான நிலையம் 1993இல் திறந்து, மூடி, திறந்து, மறுபடி மூடி, உடான் திட்டத்தில் 2018இலும் பிறகு 2023 அக்டோபரிலும் உயிர் பெற்றது. ஓடுபாதை நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. வந்து போவது ஏடிஆர் ரகச் சின்ன விமானம். அதன் மேல்தட்டில் பெரிய டிராலிப் பை ஏறாது. ஏணியடியிலேயே பையை வாங்கிச் சரக்கு அறையில் வைக்கச் சொன்னால், மிஷினைத் தனியே எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்ளும்படி அது சொந்தப் பையில் இருக்க வேண்டும். பயண பேட்டரியும் கூடவே இருந்தால் இது கட்டாயமும்கூட. உதிரி லித்தியம் பேட்டரி சரக்கு அறைக்குப் போகக் கூடாது. அது உலகம் முழுக்க உள்ள விதி.

அந்த பேட்டரிக்கும் வரம்பு இருக்கிறது. வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வாட்-அவர். 24 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் என்றால் 96. நூறு வரை தனி அனுமதி வேண்டியதில்லை. நூறிலிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், உதிரி இரண்டுக்கு மேல் கூடாது. 160ஐத் தாண்டினால் கையில் கொண்டுபோக முடியாது. பேட்டரியின் முதுகில் எண் அச்சாகியிருக்கும். அழிந்துபோன ஸ்டிக்கரோடு போனால் சோதனையில் பறிபோகலாம்.

லாரிகளின் ஊரான நாமக்கல் பக்கம் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். லாரி பேட்டரியும் 24 வோல்ட், பல சிபாப்களின் அடாப்டர் தருவதும் 24 வோல்ட். நேரே வயர் இழுத்துவிடலாம் என்று பட்டறையில் யாராவது யோசனை சொல்வார்கள். என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் வரை ஏற்றும், மிஷின் தாங்காது. கருவி நிறுவனமே விற்கும் கன்வர்ட்டர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். கேபினில் படுத்துத் தூங்கும் டிரைவருக்கு இது விமானத்தைவிட அதிகம் பயன்படும் தகவல்.

வானத்தில் மாட்ட வேண்டுமா? சென்னைக்கோ ஐதராபாத்துக்கோ போகிறவர் தூங்காமல் இருந்தாலே போதும். மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்காவுக்குப் பதினாறு மணி நேரம் பறக்கும் பெற்றோருக்குப் பதில் வேறு. கேபினுக்குள் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்துக்குச் சமமான அளவுக்குக் கீழே இறங்காதபடி பார்த்துக்கொள்கிறார்கள். ஏற்காடு 5,000 அடி. ஊட்டி 7,350 அடி. ஆக, நீண்ட பயணம் என்பது ஊட்டிக்குக் கொஞ்சம் மேலே உட்கார்ந்துகொண்டே தூங்குவது. 8,000 அடியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், தரைமட்டத்தில் 21க்குப் பதிலாக 15 சதவீதம் இருந்தால் எப்படியோ அப்படி. நல்ல உடம்புக்கு அது பொருட்டில்லை. தொண்டை அடைபடுகிறவருக்கு, குறைந்த கையிருப்போடு மூச்சு நிற்கிறது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று இரண்டு பெக் போட்டால் தசை இன்னும் தளரும். நுரையீரல், இதய நோயும் சேர்ந்திருப்பவர்கள் டிக்கெட் போடுமுன் டாக்டரைப் பார்ப்பது அவசியம்.

மிஷினுக்கும் உயரம் தெரிய வேண்டும். மெலிந்த காற்றில் அதே அழுத்தம் கொடுக்க மோட்டார் வேகமாகச் சுழல வேண்டும். இப்போதைய மாடல்கள் தாமாகவே சரிசெய்துகொள்கின்றன. பழசு என்றால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் பயன்படுத்த ஏற்றது என்பதற்கு ஆர்டிசிஏ டிஓ-160 என்ற தரம் இருக்கிறது. மிஷினின் அடியிலோ கையேட்டிலோ அது அச்சாகியிருந்தால் பணிப்பெண்ணிடம் காட்டலாம். சீட்டடியில் பிளக் இருந்தாலும் அதன் சக்தி குறைவு. ஆகவே ஈரப்பதம் தரும் ஹ்யூமிடிஃபையரைக் கழற்றிவிடுவது முறை. அது இல்லாவிட்டால் மின்செலவும் வெகுவாகக் குறையும், விமானம் குலுங்கும்போது தண்ணீர் மோட்டாருக்குள் புகுந்து மிஷினைக் கெடுக்கவும் செய்யாது. அதே காரணத்துக்காக வீட்டிலிருந்து கிளம்பும்போதே தொட்டியைக் காலி செய்து துணியால் துடைத்து வைக்க வேண்டும். போன இடத்தில் நிரப்ப டிஸ்டில்ட் வாட்டர் தேடுகிறவர்கள், லாரி பேட்டரிக்கு ஊற்றும் கேன் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்க வேண்டாம். மூச்சோடு உள்ளே போவதற்காக அதைத் தயாரிப்பதில்லை.

வெளிநாட்டில் மின்சாரம் பற்றிப் பயப்படத் தேவையில்லை. அடாப்டரில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் எந்த நாட்டிலும் ஓடும். மாற்ற வேண்டியது பின் மட்டும். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் மூன்று பட்டைப் பின், அமெரிக்காவுக்கு இரண்டு தட்டைப் பின். லாட்ஜ்களில் பிளக் பாயின்ட் எப்போதும் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில்தான் இருக்கும் என்பது என் அனுபவ முடிவு. மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றைச் சுருட்டிப் போட்டுக்கொண்டால் தலையணையோரம் மிஷின் வரும்.

மறுபடி அந்த நாலு நாள் கல்யாணத்துக்கு வருவோம். மிஷின் நோயைக் குணமாக்குவதில்லை. மாட்டிய இரவுக்கு மட்டும் தொண்டையைத் திறந்து வைக்கிறது. விட்ட முதல் இரவிலேயே அடைப்பு திரும்பும். நாலு இரவு உடைந்த தூக்கத்தோடு, பெங்களூர் விமான நிலையத்தில் நள்ளிரவு இறங்குகிறார் நம் ஆள். கார் பார்க்கிங்கில் நிற்கிறது. இருபது வருஷம் லாரி ஓட்டிய கை இருக்க டிரைவர் எதற்கு என்று ஏறி உட்கார்ந்துவிடுகிறார். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி. விடிகாலை நாலு மணி வாக்கில் தொப்பூர் கணவாய் இறக்கம். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். கண் செருக அந்த ஒரு விநாடி போதும். முன்னால் சரக்கோடு சின்ன கியரில் ஊர்ந்து இறங்கும் லாரி அவ்வளவு தூரத்தில்கூட இல்லாமல் இருக்கலாம். மிஷின் கைப்பையில் இருந்திருந்தால் அந்த நாலு இரவும் தூங்கியிருப்பார். அப்படியும் அசதியாக இருந்தால் ஓசூரில் ஓர் அறை எடுத்து, மாட்டிக்கொண்டு நாலைந்து மணி நேரம் படுத்துவிட்டு, வெயில் வந்த பிறகு கணவாய் இறங்கியிருக்கலாம்.